சூட்டோடு ஆயில் வடித்தல்

லாரியோ பிக்கப் வண்டியோ, எஞ்சின் ஆயிலை மாற்றுவதானால் ஓடி வந்து நின்ற சூடு ஆறுவதற்குள் வடித்துவிட வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். கம்பெனிக் கையேடுகள் அதைச் சொன்னதுண்டு. ஆனால் வழக்கத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள், வண்டியை வீட்டு முற்றத்திலும் பண்ணைக் கொட்டகையிலும் நிறுத்தித் தாங்களே பராமரித்துக்கொண்ட உரிமையாளர்களும் ஓட்டுநர்களும்தான். எஞ்சினுக்குள் சேரும் அழுக்கு காலந்தோறும் மாறியது. அதற்கேற்ப ஆயிலும் மாறியது. சூட்டோடு வேலை செய்வதன் வரலாறு பெரும்பாலும் அந்த அழுக்கின் வரலாறுதான்.

அடிப்படைக் காரணம் எளிது. டீசல் லாரிகளில் பரவலாகப் பயன்படும் 15டபிள்யூ-40 ரக ஆயிலின் பாகுத்தன்மை 40 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 110 சென்டிஸ்டோக். 100 பாகையில் அது 14, 15 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது ஓடி முடித்த எஞ்சினில் இருக்கும் ஆயில், ஆறிய ஆயிலைவிட ஏழெட்டு மடங்கு இளகியது. இளகிய ஆயில் சுவர்களிலும் மூலைகளிலும் ஒட்டிக்கொள்ளாமல் இறங்கும். ஓட்டத்தில் கலங்கி மிதக்கும் கரித்தூளும் உலோகப் பொடியும் அடியில் படிவதற்கு முன்பே அதோடு வெளியேறும். இரவு முழுக்க நின்ற வண்டியில் அந்த அழுக்கில் ஒரு பகுதி, ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் தங்கிவிடும். மறுநாள் ஊற்றும் புது ஆயில் அதைத்தான் முதலில் சந்திக்கும்.

வீட்டுப் பராமரிப்பு பெருந்திரளான மக்களின் பழக்கமாக மாறியது அமெரிக்காவில், ஃபோர்டு மாடல் டி வண்டியோடு. 1908-இல் வெளிவந்து 1927 வரை தயாரான அந்த வண்டி ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. 1917-இல் அதன் உறவாக மாடல் டிடி என்ற ஒரு டன் டிரக் வந்தது. தொடக்க ஆண்டுகளில் ஃபோர்டு அதை வெறும் சேசிஸாகவே விற்றது. வாங்கியவர் உள்ளூர்த் தச்சரிடம் பாடி கட்டிக்கொண்டார். பட்டறைகள் தொலைவில் இருந்த பண்ணை நாட்டில், வண்டியின் உடலைத் தன் ஊரிலேயே கட்டிக்கொண்டவர் அதன் எஞ்சினையும் தானே பார்த்துக்கொண்டதில் வியப்பில்லை.

மாடல் டி எஞ்சினில் ஆயில் பம்ப் இல்லை, ஃபில்டர் இல்லை, டிப் ஸ்டிக்கும் இல்லை. சுழலும் ஃபிளைவீல் ஆயிலை வாரி இறைக்கும். அதில் ஒரு பகுதி சிறு குழாய் வழியே முன்பக்கம் போய், திரும்பிப் பின்னால் வழிந்து வரும்போது, சுழன்று இறங்கும் கனெக்டிங் ராடுகள் அதைத் தெளித்து மற்ற பாகங்களை நனைக்கும். எஞ்சினுக்கும் கியர் அமைப்புக்கும் ஒரே ஆயில்தான். அதனால் கியர் பட்டைகளின் பஞ்சுத் துகளும் எஞ்சின் கரியும் ஒன்றாகக் கலந்தன. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, எஞ்சினின் பின்பகுதியில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு சிறு குழாய்த் திருகுகளைத் திறந்து பார்க்க வேண்டும். மேல் திருகில் ஆயில் வந்தால் நிறைவு. கீழ்த் திருகிலும் வராவிட்டால் ஆபத்து.

ஃபோர்டு கொடுத்த கையேடு கேள்வி பதில் வடிவில் எழுதப்பட்டது. புது வண்டி 400 மைல் ஓடியதும் ஆயிலை வடிக்க வேண்டும், அதன் பிறகு சுமார் 750 மைலுக்கு ஒருமுறை வடிக்க வேண்டும் என்று அது கூறியது. வடித்த பின் ஒரு கேலன் மண்ணெண்ணெயை ஊற்றி, எஞ்சினைக் கையால் பதினைந்து இருபது சுற்றுச் சுற்றிக் கழுவி, அதையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றச் சொன்னது. இன்றைய கண்ணுக்கு 750 மைல் மிகக் குறைவாகத் தெரியலாம். ஃபில்டர் இல்லாத எஞ்சினுக்கு, மண் சாலைப் புழுதியை உறிஞ்சிக்கொண்டே ஓடிய வண்டிக்கு, அது மிகையான எச்சரிக்கை இல்லை. வடிப்பது மட்டுமே அங்கே வடிகட்டலாகவும் இருந்தது.

அந்தத் தலைமுறை வண்டிக்காரர்களுக்குச் சூட்டின் அருமையைக் கற்றுக்கொடுத்த இன்னொரு ஆசான் குளிர்காலம். உறைபனியில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே வெடித்துவிடும். எத்திலீன் கிளைக்கால் அடங்கிய உறைதடுப்பு நீர் பிரெஸ்டோன் என்ற பெயரில் 1927-இல் கடைக்கு வந்தது. அதற்கு முன் தண்ணீரில் ஆல்கஹால் கலப்பது வழக்கம். ஆல்கஹாலோ எஞ்சின் சூட்டில் மெல்ல ஆவியாகிப் போய்விடும். செலவைத் தவிர்க்க நினைத்த விவசாயி, மாலையில் வண்டியை நிறுத்தியதும் சூடு இருக்கும்போதே தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றிக் கிளப்பினார்.

அலாஸ்காவிலும் வட கனடாவிலும் பறந்த சிறு விமானங்களின் ஓட்டிகள் இதையே ஆயிலுக்கும் செய்தார்கள். தரையிறங்கிய உடனே, ஆயில் இறுகும் முன், அதை டப்பாக்களில் வடித்து அறைக்குள் கணப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். காலையில் எஞ்சினுக்குப் போர்வை போட்டுச் சூடேற்றி, காய்ந்த ஆயிலை மறுபடி ஊற்றுவார்கள். கொஞ்சம் தாமதித்தால் ஆயில் வெளியே வரவே மறுக்கும். பிறகு பயணமே இல்லை.

ஆயிலைப் பற்றிய அறிவும் அதே காலத்தில்தான் ஒழுங்குபட்டது. அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911-இல் ஆயில்களைப் பாகுத்தன்மைப்படி எண்ணிட்டு வகுத்தது. ஆனால் அந்த எண் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொன்னது. அழுக்கை எப்படித் தாங்கும் என்பதைச் சொல்லவில்லை. அன்றைய ஆயில் வேறு எதுவும் சேராத வெறும் கனிம எண்ணெய். அழுக்கைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு.

அழுக்கில் முதன்மையானது தண்ணீர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் சிறு பகுதி, குளிர்ந்த எஞ்சின் சுவரில் பட்டு மீண்டும் நீராகும். நீரும் எரியாத பெட்ரோலும் கரியும் ஆயிலோடு கலந்து கருந்தயிர் போன்ற சேறாகத் திரளும். ஆயில் உறிஞ்சும் வலையை அந்தச் சேறு அடைத்தால் பேரிங்குகள் காய்ந்து உருகும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் சூடு இந்த நீரை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். வீட்டுக்கு வீடு நின்று பால், ரொட்டி விநியோகிக்கும் டிரக்குக்கு அந்தச் சூடு கிடைப்பதே இல்லை. எஞ்சினுக்குள் இருந்த ஆவியை வெளியேற்றியது சாலையை நோக்கித் தொங்கிய ஒரு குழாய். வண்டி வேகமாகப் போனால்தான் காற்று அதை இழுக்கும். மெதுவாக நகரும் விநியோக வண்டியில் அதுவும் பயன்படவில்லை. ஆகவே குறைவாக ஓடிய டிரக்குகளே அதிகமாகக் கெட்டன.

இப்படிப்பட்ட வண்டிகளை வைத்திருந்தோர் ஆயில் மாற்றும் நாளில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காய்ச்சி வந்து வடித்தார்கள். கொட்டகையில் நிறுத்தியபடியே எஞ்சினை ஐந்து நிமிடம் உறுமவிட்டு வடித்தால் ரேடியேட்டர் தண்ணீர் சுடும், ஆயில் சுடாது. தண்ணீரைவிட ஆயில் மெதுவாகவே சூடேறும். சாலையில் ஓட்டி வந்தால்தான் அடியில் படிந்தது கலங்கி மேலே வரும். வழக்கத்தின் நுட்பமான பகுதி இதுதான். வெறும் சூடு போதாது, கலக்கமும் வேண்டும்.

1923-இல் எர்னெஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் பியூரோலேட்டர் என்ற பெயரில் ஆயில் ஃபில்டரை உருவாக்கினார்கள். ஆயினும் அது எல்லா வண்டிகளுக்கும் உடனே வந்துவிடவில்லை. 1940-களின் ஷெவர்லே பிக்கப்புகளில்கூட ஃபில்டர் தனிக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டிய பொருளாகவே இருந்தது. மாட்டினாலும் ஆயில் முழுவதும் அதன் வழியே போகாது. சிறு பகுதி மட்டும் சுற்றி வரும். ஃபில்டர் வந்ததால் சூட்டோடு வடிக்கும் தேவை குறைந்தது என்று சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் உலகப் போர் இந்த வழக்கத்துக்குச் சட்டத்தின் உறுதியைக் கொடுத்தது. அமெரிக்கா 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜி.எம்.சி. இரண்டரை டன் டிரக்குகளைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. அவற்றை ஓட்டியவர்களில் பலர் அதற்கு முன் கனரக வண்டியைத் தொட்டதில்லை. எனவே போர்த்துறையின் மசகு அட்டவணைகள் எல்லாவற்றையும் ஐயத்துக்கு இடமின்றி எழுதின: எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டுமே ஆயிலை வடிக்க வேண்டும் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கட்டளை.

ஓட்டுநரின் பராமரிப்பை ராணுவம் நான்கு வேளைகளாகப் பிரித்தது: கிளம்பும் முன், ஓடும்போது, இடையில் நிற்கும்போது, ஓடி முடித்த பின். இடையில் நிற்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று சக்கர ஹப்களிலும் பிரேக் டிரம்களிலும் கை வைத்துப் பார்ப்பது. மற்றவை வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் போகப் போகிறது. ஆறிய வண்டியில் எல்லாச் சக்கரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குற்றம் சூட்டில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கருவி எதுவும் இல்லாத ஓட்டுநருக்குத் தன் உள்ளங்கையே வெப்பமானியாக இருந்த இந்தப் பாடம், அந்தக் கையேடுகளிலேயே மிகச் சிறந்த பகுதி. எளிய சிப்பாய்களுக்கு இவை புரிய வேண்டும் என்று ஆர்மி மோட்டார்ஸ் என்ற ராணுவ இதழில் ஓவியர் வில் ஐஸ்னர் படக்கதைகள் வரைந்தார். 1951-இல் தொடங்கிய பி.எஸ். இதழ் அந்தப் பணியைத் தொடர்ந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் இந்தப் பயிற்சியோடுதான் வந்து தங்கள் சொந்த டிரக்குகளுக்கு அடியில் படுத்தார்கள்.

அதற்குள் ஆயிலும் மாறியிருந்தது. 1931-இல் கேட்டர்பில்லர் தன் முதல் டீசல் டிராக்டரை விற்கத் தொடங்கியது. டீசல் எஞ்சினின் கரியும் வெப்பமும் வெறும் கனிம எண்ணெயைக் கருக்கி, பிஸ்டன் வளையங்களைக் காடியோடு ஒட்டவைத்தன. அதற்குத் தீர்வாக 1930-களின் நடுவில் சோப்புத் தன்மையுள்ள உலோகச் சேர்மங்கள் கலந்த டிடர்ஜென்ட் ஆயில்கள் வந்தன. கரித்துகளை ஒன்றோடொன்று திரளவிடாமல் தனித்தனியாக மிதக்க வைப்பதே அவற்றின் வேலை. 1947-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. ஆயில்களை ரெகுலர், பிரீமியம், ஹெவி டியூட்டி என்று மூன்றாக வகுத்தபோது, சேர்மானம் உள்ள ஆயிலுக்கும் இல்லாத ஆயிலுக்கும் இடையிலான வேறுபாடு சாதாரண உரிமையாளருக்கும் தெரிய வந்தது.

புது ஆயில் சில நாட்களிலேயே கறுத்துப் போனது பலரைக் கலவரப்படுத்தியது. அது கெட்டுப்போனதன் அடையாளம் என்று எண்ணியவர்கள் உண்டு. உண்மையில் அழுக்கு எஞ்சின் சுவரில் ஒட்டாமல் ஆயிலுக்குள் இருக்கிறது என்பதையே அந்தக் கறுப்பு காட்டியது. டிடர்ஜென்ட் ஆயில், சூட்டோடு வடிப்பதன் பயனையும் கூட்டியது: மிதக்கும் அழுக்கு முழுவதும் ஒரே வடிப்பில் வெளியேறும். அதே ஆயில் அந்த வழக்கத்தின் கட்டாயத்தைக் குறைத்தது என்பதும் உண்மை. நுண்துகள்கள் இப்போது ஓர் இரவில் படிந்துவிடுவதில்லை. 1960-களின் தொடக்கத்தில், சாலையை நோக்கித் தொங்கிய குழாய்க்குப் பதிலாக, எஞ்சின் ஆவியைத் திரும்ப உள்ளிழுத்து எரிக்கும் பி.சி.வி. வால்வு முதலில் கலிஃபோர்னியாவிலும் பிறகு நாடெங்கும் வந்தபோது, பழைய சேறும் பெரும்பாலும் மறைந்தது. ஆயில் மாற்றும் இடைவெளி 4,000, 6,000 மைல் என்று நீண்டது.

போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளே வீட்டுப் பராமரிப்பின் செழிப்பான காலம். பிக்கப் டிரக் உயரமானது. ஜாக்கி போடாமலே அடியில் நுழைய முடியும். பானெட்டைத் திறந்தால் நீண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினின் இருபுறமும் கை புக இடம் இருக்கும். ஷெவர்லேயின் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் 1929 முதல் பல மாற்றங்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது. அதில் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியை எஞ்சின் நன்றாகக் காய்ந்து, மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்வார்கள். சூட்டில் வால்வின் தண்டு நீளும். ஆறிய நிலையில் வைத்த இடைவெளி ஓட்டத்தில் மாறிவிடும். மேல் மூடியைக் கழற்றி, ஆயில் தெறிக்க, துள்ளும் ராக்கர் கைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை நுழைத்து, இலேசான பிடிப்பு விரலுக்குத் தெரியும்வரை திருகை முடுக்கும் அந்த வேலைக்குக் காதும் விரலும் ஒன்றாகப் பழக வேண்டும். தந்தையிடம் பக்கத்தில் நின்று கற்ற வேலை இது. படித்து மட்டும் வருவதில்லை. ஹைட்ராலிக் டேப்பெட்கள் பரவியதும் அது இல்லாமல் போனது.

சூட்டோடு பார்க்க வேண்டிய வேறு சிலவும் இருந்தன. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள டிரக்கில் கியர் ஆயிலின் அளவை எஞ்சின் ஓடும்போதே, சூட்டில்தான் பார்க்க வேண்டும். ஆறியபின் பார்த்தால் அளவு தவறும். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில்கள் எஞ்சின் ஆயிலைவிடக் கெட்டியானவை, ஆதலால் ஓடி வந்த உடனே வடித்தால்தான் முழுதாக இறங்கும். சிலிண்டர் அழுத்தச் சோதனையும் சூடான எஞ்சினில்தான் உண்மையைச் சொல்லும். 1954-இல் விக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த, ஒரே உருளையாகத் திருகி மாட்டும் ஸ்பின்-ஆன் ஃபில்டர், எண்ணெய் வழியும் பழைய கிண்ணத்தைக் கழுவும் வேலையை நீக்கி, ஆயில் மாற்றும் நேரத்தைச் சுருக்கியது. 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் பங்குகளின் சேவைக் கொட்டகைகள் மூடப்பட, ஆயில் பெரிய அங்காடிகளில் மலிவாகக் கிடைக்க, மேலும் பலர் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்யத் தொடங்கினார்கள்.

சூடு காயப்படுத்தும் என்பதையும் இந்த வரலாறு மறைக்கவில்லை. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தோலின் மேற்பரப்பு 60 பாகையில் சுமார் 5 நொடி இருந்தாலே ஆழமான புண் ஏற்படும். 70 பாகையில் ஒரு நொடி போதும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த எஞ்சினின் ஆயில் 90, 100 பாகையில் இருக்கும். டிரெயின் பிளக்கின் கடைசிப் புரி விடுபடும் கணத்தில் ஆயில் விரலில் பாய்ந்து, மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடும். அதனால் அனுபவசாலிகள் வடிப்பதற்கு முன் இருபது முப்பது நிமிடம் ஆறவிட்டார்கள். பிளக்கைக் கையால் அவிழ்க்கும்போது மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே புரியை முழுதும் கழற்றி, பிறகு சட்டென்று பக்கவாட்டில் இழுத்தார்கள். வெதுவெதுப்பு என்பதே சரியான அளவு. ஆயில் இளகியிருக்க வேண்டும், கை தாங்கவும் வேண்டும்.

சூட்டில் செய்யவே கூடாதவையும் பட்டறிவில் பிரிந்து நின்றன. அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் ஒரே நொடியில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அலுமினிய சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஸ்பார்க் பிளக்கைச் சூட்டில் திருகினால் புரி பிய்ந்து வரும். புகைக்குழாய், டர்போ ஆகியவற்றின் பக்கம் கை போகக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கொடியது ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது. ஆயில் சூடு தணிந்துவிடுமே என்ற அவசரத்தில் தாங்கி வைக்காமல் நுழைந்தவருக்கு அந்த அவசரமே வினையாக முடியும்.

வடித்த ஆயில் எங்கே போனது என்ற கேள்விக்குப் பல பதிற்றாண்டுகள் யாரும் கவலைப்படவில்லை. மண் சாலையில் புழுதி அடங்கத் தெளித்தார்கள், வேலிக் கம்பங்களில் பூசினார்கள், களைமேல் ஊற்றினார்கள். 1963-இல் பாப்புலர் சயன்ஸ் இதழ், நிலத்தில் குழி தோண்டிச் சரளை நிரப்பி அதில் பழைய ஆயிலை ஊற்றிவிடலாம் என்று வாசகர்களுக்கு யோசனை சொன்னது. ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பின்னாளில் எச்சரித்தது. மிசௌரி மாநிலத்தின் டைம்ஸ் பீச் என்ற ஊரில் 1970-களில் புழுதியடக்கத் தெளித்த கழிவு ஆயிலில் டயாக்சின் நஞ்சு கலந்திருந்தது தெரிய வந்து, 1983-இல் அரசே ஊரை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. நஞ்சு ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்றாலும், கழிவு ஆயிலைச் சாலையில் தெளிப்பது பாதகமற்றது என்ற நம்பிக்கை அந்த ஊரோடு போயிற்று. 1992-இல் பழைய ஆயிலைக் கையாள நாடு தழுவிய விதிகள் வந்தன. பழைய எஞ்சின் ஆயிலை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிய ஆய்வுகள் புற்றுநோயைக் காட்டியதால், வெறுங்கையோடு வேலை செய்த தலைமுறைக்குப் பின் கையுறை வழக்கமாயிற்று.

இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கு, இந்த வழக்கம் பட்டறைகள் வழியாகவும் ராணுவ வண்டிகள் வழியாகவும் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் சென்னை மாகாணச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இறக்குமதியான ஃபோர்டு, ஷெவர்லே, டாட்ஜ் வண்டிகள். போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் பல வண்டிகள் மரக்கரியில் ஓடின. அதற்கான கரிவாயுக் கருவிகளை டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்தது. வாயுவோடு வந்த சாம்பல் தூசு எஞ்சின் ஆயிலைச் சீக்கிரமே கெடுத்தது. எஞ்சின் ஆயிலைச் சூட்டில் வடித்த அதே கிளீனர், கரி உலையை மட்டும் நன்றாக ஆறவிட்டே திறக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் உள்ளே தங்கிய வாயு தீப்பிடிக்கும். போர் முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட டிஸ்போசல் லாரிகள் சரக்குப் போக்குவரத்தில் இறங்கின.

1950-களில் டீசல் வந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடாவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து 1954-இல் லாரி தயாரித்தன. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. சென்னை சிம்சன் நிறுவனத்தின் பெர்க்கின்ஸ் பி6 எஞ்சினைப் பழைய பெட்ரோல் லாரிகளில் மாட்டி டீசல் வண்டியாக்கிக்கொண்டவர்கள் பலர். தமிழ்நாட்டில் லாரி பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளரின் சொத்து. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் விவசாயக் குடும்பங்கள் லாரித் தொழிலுக்கு வந்தபோது, அமெரிக்கப் பண்ணை முற்றத்தில் நடந்த அதே வேலை இங்கே தோட்டத்துக் களத்திலும் லாரிப் பேட்டையிலும் நடந்தது.

இங்கே குளிரால் ஆயில் இறுகும் பேச்சே இல்லை. ஆனால் 35 பாகை வெயிலிலும் நின்றுபோன வண்டியின் ஆயில், ஓடி வந்த ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டிதான். தவிர டீசல் கரியும், அன்றைய டீசலில் மிகுதியாக இருந்த கந்தகத்தால் விளைந்த அமிலமும் அதில் சேர்ந்திருந்தன. லோடு இறக்கிவிட்டுப் பேட்டைக்கு வந்த சூட்டிலேயே வடிக்க வைத்தார் டிரைவர். அடியில் நுழைந்து நட்டைக் கழற்றியவன் கிளீனர்ப் பையன். சுடுகிற ஆயிலை முதலில் அனுபவித்த கை அவனுடையது. டீக்கடை நிறுத்தங்களில் டயர்களைத் தட்டிப் பார்ப்பதும் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பதும் அவன் பொறுப்பு. அப்படித் தொட்டுக் கற்றவனே பின்னாளில் டிரைவரானான், சிலர் முதலாளியும் ஆனார்கள். இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம் அதுதான்; அதற்குரிய மதிப்பு அதற்குக் கிடைத்ததில்லை.

மலைப்பாதைகள் வேறொரு பாடத்தைக் கற்பித்தன. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலான தொப்பூர்க் கணவாயிலும், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலும் லோடோடு ஏறிய பழைய லாரிகள் கொதித்து நின்றன. ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியை அரைத் திருப்பு மட்டும் திருப்பி ஆவியை விடுவார்கள். எஞ்சினை அணைக்காமல் மெல்ல ஓடவிட்டபடி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் என்பது ஒரு முறை பெரும் செலவு செய்து கற்ற பாடமாகவே பலருக்கு இருந்தது.

வடித்த ஆயில் இங்கும் வீணாகவில்லை. டீசல் கலந்து லாரியின் பட்டைகளிலும் சேசிஸிலும் அடித்தார்கள். வீட்டு மரத்தில் கரையானுக்குப் பூசினார்கள். கான்கிரீட் ஒட்டாமலிருக்கக் கட்டடக்காரர்கள் சென்ட்ரிங் பலகைக்கு வாங்கிப் போனார்கள். அதன் விலையை இன்று கொடுப்பது நிலத்தடி நீர். பழைய ஆயில் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வந்தது. ஆயில் தயாரிப்பவர்களே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2023-இல் திருத்தப்பட்ட விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்கு என்ற அளவுக்கு இறங்கியது. புதிய லாரிகளின் புகைவழியில் கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்கும்போது உள்ளே வெப்பம் 600 பாகையை எட்டும். அந்த எரிப்பு முடிந்த உடனே வண்டிக்கு அடியில் நுழைவது பழைய எஞ்சின்களில் இல்லாத புது ஆபத்து. சாம்பல் குறைந்த தனி ரக ஆயிலை மட்டுமே அவற்றில் ஊற்ற வேண்டும். தவறான ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும். ஆயில் மாற்றும் இடைவெளி பல பத்தாயிரம் கிலோமீட்டருக்கு நீண்டு, வேலை கம்பெனி சர்வீஸ் நிலையங்களுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கப் பிக்கப்புகளிலும் அடிப்பகுதியை மூடும் தகடுகளும், மாற்றும் நாளைக் கணித்துச் சொல்லும் மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. வீட்டில் செய்வோர் தொகை குறைந்திருக்கிறது. மாற்றுபவர்கள், பட்டறையானாலும் வீடானாலும், வண்டியைச் சற்று ஓட்டி வந்து, கை தாங்கும் அளவுக்கு ஆறவிட்டுத்தான் பிளக்கைக் கழற்றுகிறார்கள்.